சிகிச்சைக்கு அனுப்பினால் திருட்டு நிற்குமா? கேஸை முடித்துக்கொள்ளலாமா?

பெரம்பூர்க்கடை · ஞாயிறு இரவு 10.10

எல்லாருக்கும் வணக்கம். பெரம்பூரில் ஏசி, பிரிட்ஜ் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். போன வாரம் கடைக்குப் பின்னால் வைத்திருந்த இரண்டு அவுட்டோர் யூனிட்டிலிருந்து காப்பரை வெட்டி எடுத்துவிட்டார்கள். இரண்டுமே கஸ்டமர் யூனிட். காயில் நசுங்கி, கேஸ் எல்லாம் போய், நான்தான் கைக்காசு போட்டுச் சரிசெய்து கொடுத்தேன். கேமராவைப் பார்த்தால் எதிர்ச்சந்துப் பையன். 22 வயது. சின்ன வயதில் லீவு விட்டால் என் கடையில்தான் இருப்பான், ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பான்.

ஸ்டேஷனில் புகார் கொடுத்தேன். மறுநாளே அவன் அம்மா வந்தார். வலி மாத்திரையைக் கரைத்து ஊசியாகப் போட்டுக்கொள்கிறானாம், இரண்டு வருஷமாக. மையத்தில் சேர்க்கப் போகிறேன், கேஸை மட்டும் முடித்துக்கொள் அண்ணா என்று அழுகிறார்.

என் கேள்வி இதுதான். சிகிச்சைக்குப் போனவர்கள் நிஜமாகவே திருடுவதை விடுகிறார்களா, இல்லை இது கேஸிலிருந்து தப்ப ஒரு வழி மட்டும்தானா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அவன்மேல் கோபம் இருக்கிறது. அந்த அம்மா முகத்தை நினைத்தால் தூக்கமும் வரவில்லை.

ஓய்வு_எஸ்ஐ · ஞாயிறு இரவு 10.55

33 வருஷம் காவல்துறையில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். முழுசாக நம்பி ஏமாறாதீர்கள். ஒரே பையனை வீட்டார் மூன்று மையத்தில் சேர்த்ததைப் பார்த்திருக்கிறேன். வெளியே வந்த ஒரு மாதத்தில் பைக் பேட்டரியோடு மறுபடி என் முன்னால் நின்றான்.

ஆனால் ஜெயிலுக்குப் போய் வந்ததால் ஊசியை விட்டவன் என்று ஒருவனையும் எனக்கு நினைவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். இன்னொன்று, ஒரு ஏரியாவில் ஐம்பது பேர் போதைப் பழக்கத்தில் இருந்தாலும் திருட்டுக் கேஸில் திரும்பத் திரும்ப வருவது ஐந்தாறு பேர்தான். மீதிப் பேர் கடன் வாங்குவான், வீட்டில் சண்டை போட்டுக் காசு பிடுங்குவான், அடுத்தவன் பொருளில் கை வைக்க மாட்டான்.

மீட்புப்பணி · ஞாயிறு இரவு 11.30

நான் போதை மீட்பு சிகிச்சையில் ஆலோசகராக 14 வருஷமாக வேலை செய்கிறேன். எஸ்ஐ ஐயா கடைசியாகச் சொன்னது ஆய்விலும் அப்படியே வந்திருக்கிறது. இங்கிலாந்தில் 1995-இல் சிகிச்சைக்கு வந்த 1,075 பேரைத் தேர்ந்து, அதற்கு முந்தைய 90 நாளில் என்னென்ன குற்றம் செய்தீர்கள் என்று கேட்டார்கள். 27,000-க்கும் மேல் திருட்டு வகைக் குற்றங்கள். அதில் பாதிப் பேர் ஒன்றுகூடச் செய்யவில்லை. 10 சதவீதம் பேர் மட்டும் 76 சதவீதக் குற்றங்களைச் செய்திருந்தார்கள். அதிகம் நடந்தது கடையில் பொருள் எடுப்பது.

கடைக்கார அண்ணா, அந்த மாத்திரை பெரும்பாலும் டாபென்டடாலாக இருக்கும். ஹெராயின், அபின் எல்லாம் சேர்ந்த ஓபியாய்டு குடும்பம் அது. இதில் மாட்டியவனுடைய ஒரு நாள் எப்படிப் போகும் என்று சொல்கிறேன். கண் விழிக்கும்போதே கொட்டாவி வரும், மூக்கில் தண்ணீர் வடியும். பிறகு எலும்புக்குள் கம்பியை விட்டுக் குடைவது போல வலி, வயிற்றுப்போக்கு, ஒரே நேரத்தில் வியர்வையும் குளிரும். அடுத்த ஊசி ஏறியதும் எல்லாம் அடங்கிவிடும். சில மணி நேரத்தில் மறுபடி ஆரம்பம். கையில் காசு இல்லாமல் அந்த வலி தொடங்கும்போதுதான் உங்கள் யூனிட் அவன் கண்ணில் பட்டிருக்கும்.

அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்தில் 243 ஹெராயின் பழக்கக்காரர்களின் வாழ்க்கையை ஆண்டுக் கணக்கில் பிரித்துப் பார்த்தார்கள். 1980-களின் தொடக்கத்தில் வெளிவந்த ஆய்வு. பழக்கத்தில் இருந்த காலத்தில் ஒருவர் வருஷத்துக்குச் சராசரியாக 248 நாள் ஏதாவது ஒரு குற்றம் செய்திருக்கிறார். அதே ஆட்கள் பழக்கம் இல்லாமல் இருந்த காலத்தில் 41 நாள். மனிதன் மாறவில்லை, வளர்ப்பு மாறவில்லை. ஊசி மட்டும்தான் இல்லை.

அதனால் உங்கள் கேள்விக்கு என் பதில், ஆமாம், குறையும். ஆனால் சிகிச்சையில் இருக்கும் வரைதான் குறையும். இதை யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை.

விழுப்புரத்தான் · திங்கள் காலை 6.20

"மையம்" என்று போர்டு மாட்டியதெல்லாம் சிகிச்சை என்று நினைக்காதீர்கள். பெயர் சொல்ல விரும்பவில்லை. எங்கள் அண்ணனை 45 நாள் ஒரு இடத்தில் வைத்திருந்தோம். அப்பா நிலத்தை அடகு வைத்துப் பணம் கட்டினார். ஒரு ஹாலில் நாற்பது பேர், வெளிப்பக்கம் பூட்டு. டாக்டர் வந்ததே இல்லை. மாத்திரை கிடையாது. கத்தினால் அடி. பார்க்கப் போன அம்மாவிடம் அண்ணன் முழுக்கைச் சட்டையைக் கழற்றவே இல்லை, அப்போதே எங்களுக்குப் புரிந்திருக்க வேண்டும்.

வெளியே வந்த நான்காம் நாள் வீட்டில் கேஸ் சிலிண்டரைக் காணோம். எட்டாம் நாள் பேருந்து நிலையக் கழிப்பறையில் மயங்கிக் கிடந்தான். பழைய அளவையே போட்டிருக்கிறான். 45 நாள் விட்ட உடம்பு அதைத் தாங்கவில்லை. பிழைத்துக்கொண்டான், கடவுள் புண்ணியம்.

இன்றைக்கு ஒரு வருஷம் ஏழு மாதமாக அரசு மருத்துவமனையில் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை எடுக்கிறான். அச்சகத்தில் வேலை. முழுசாகக் குணமாகிவிட்டான் என்று சொல்ல மாட்டேன், இரண்டு முறை தவறினான். ஆனால் அம்மா இப்போது பீரோ சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு தூங்குவதில்லை.

கணக்கு_டீச்சர் · திங்கள் காலை 8.05

நான் புள்ளியியல் சொல்லிக்கொடுப்பவள். விழுப்புரத்துத் தம்பி எழுதியதைப் படித்து மனசு கனத்துவிட்டது. இருந்தாலும் எண்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும்.

காய்ச்சல் 104-க்குப் போகும்போதுதான் டாக்டரிடம் ஓடுகிறோம். மறுநாள் 101. மருந்து வேலை செய்தது என்கிறோம். மருந்தே கொடுக்காமலிருந்தாலும் 104-லேயே நின்றிருக்காது. போதை சிகிச்சைக்கு வருகிறவர்களும் அப்படித்தான். போலீஸ் பிடித்து, வீட்டில் விரட்டி, உடம்பு கெட்டு, வாழ்க்கையின் மிக மோசமான மாதத்தில் வருகிறார்கள். அந்த மாதத்தோடு ஒப்பிட்டால் அடுத்த வருஷம் எப்படியும் நன்றாகத்தான் தெரியும். அதனால் "முன்பு இவ்வளவு, பின்பு இவ்வளவு" என்ற கணக்கு மட்டும் போதாது. சிகிச்சை பெறாத, அதே நிலையில் இருந்த இன்னொரு குழுவும் பக்கத்தில் வேண்டும். அப்படி ஒப்பிட்ட ஆய்வுகள் இருக்கின்றன. மாலையில் எழுதுகிறேன், பள்ளிக்கு நேரமாகிறது.

லிம்மாத்_கரை · திங்கள் பகல் 1.40

சூரிச்சில் இருந்து எழுதுகிறேன். 1988 இல் வந்தனான். இந்த விசயத்தில் ஒரு நகரம் முழுக்க மாறினதைக் கண்ணால் பார்த்த ஆள் என்டபடியால் கொஞ்சம் நீட்டி எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கோ.

சூரிச் ரயில் நிலையத்துக்குப் பின்னால், சீல் ஆறும் லிம்மாத் ஆறும் சேருற இடத்தில் பிளாட்ஸ்பிட்ஸ் என்டு ஒரு பூங்கா. எண்பதுகளின் கடைசியில் அங்கே பகல் வெளிச்சத்தில் ஆயிரக்கணக்கான பேர் ஊசி போட்டுக்கொண்டு இருந்தார்கள். 1992 பெப்ரவரியில் பூட்டினார்கள். சனம் எங்கே போகும்? கொஞ்சம் தள்ளி, ஓட்டம் நின்றுபோன லெட்டன் ரயில் நிலையத்துக்குப் போனது. அதையும் 1995 பெப்ரவரியில் பூட்டினார்கள்.

நான் அப்ப உணவகக் குசினியில் வேலை. காலமை கோப்பை கழுவ வந்தால் பின் கதவுப் படியில் ஒருத்தன் இருப்பான். சுவிஸ்காரன், என் வயதுதான் இருக்கும். கையில் எப்பவும் ஒரு சைக்கிள், ஒவ்வொரு நாளும் வேற சைக்கிள். 20 பிராங் தா, எடு என்பான். நான் வாங்கினதில்லை, ஆனால் வாங்கின ஆக்களைத் தெரியும். பாண் குடுத்தால் சாப்பிட மாட்டான், பையில் வைப்பான்.

1994 இல் அரசாங்கம் ஒரு காரியம் செய்தது. மெத்தடோன் என்ட மாற்று மருந்து உட்பட எல்லாம் பார்த்தும் சரிவராத ஆக்களுக்கு, டொக்டர், தாதி முன்னால் வைத்து, சுத்தமான ஹெராயினையே மருந்தாகக் குடுக்கத் தொடங்கினார்கள். நாளுக்கு இரண்டு மூன்று தரம் கிளினிக்குக்குப் போகவேணும், அங்கேயே போடவேணும், வீட்டுக்குக் கொண்டுபோக ஏலாது. கூடவே வீடு எடுக்க உதவி, கடன் அடைக்க உதவி, வேலை. முதல் கட்டத்தில் ஆயிரத்துக்கு மேல் ஆக்கள் சேர்ந்தார்கள். 1997 இல் அறிக்கை வந்தது. களவு, விற்பனை மாதிரிச் சட்டத்துக்குப் புறம்பான வழியில் காசு தேடினவர்கள் 69 வீதத்தில் இருந்து 10 வீதத்துக்கு இறங்கினார்கள். நிரந்தர வேலையில் இருந்தவர்கள் 14 வீதத்தில் இருந்து 32 வீதம். ஆக்கள் தாங்களே சொன்னதை மட்டும் நம்பாமல் பொலிஸ் பதிவுகளையும் எடுத்துப் பார்த்தார்கள். அதிலும் குறைவுதான்.

அந்தச் சைக்கிள்காரனை மூன்று நாலு வருசத்துக்குப் பிறகு டிராமில் கண்டேன். கடைப் பையில் உருளைக்கிழங்கு, பால். என்னை அவனுக்கு ஞாபகம் இருந்தது. கிளினிக்குக்குப் போறன், இப்ப தச்சுப் பட்டறையில் அரை நாள் வேலை என்றான். பல் ஒன்றும் இல்லை. கை நடுங்கினது. இறங்கேக்க ஒரு கிழவிக்குக் கை குடுத்து இறக்கிவிட்டுப் போனான்.

லெட்டனில் இப்ப கோடையில் பிள்ளைகள் ஆற்றில் குதித்து நீந்துதுகள். என் பேத்தியும்தான்.

நேர்வழி · திங்கள் பகல் 3.15

மன்னிக்கவும், என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. போதைக்காரனுக்கு அரசே ஹெராயின் கொடுப்பதா? ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதை. வரிப்பணம் ஒழுங்காக வாழ்கிறவர்களுடையது. என் தம்பி குடியை விட்டது தேவாலயத்தாலும் குடும்பத்தாலும்தான். மாத்திரையால் அல்ல. திருடினால் தண்டனை என்ற பயம் போனால் நாளை எல்லாரும் "எனக்கு நோய்" என்பார்கள்.

மீட்புப்பணி · திங்கள் மாலை 5.50

நேர்வழி சகோதரரே, உங்கள் தம்பி மீண்டதற்கு மகிழ்ச்சி. குடிக்கு அந்த வழி பலருக்கு உதவுகிறது, நானே என்னிடம் வருபவர்களைக் கூட்டங்களுக்கு அனுப்புகிறேன். ஓபியாய்டு வேறு மாதிரி.

1960-களில் நியூயார்க்கில் வின்சென்ட் டோல், மேரி நைஸ்வாண்டர் என்ற இரு மருத்துவர்கள் ஹெராயின் பழக்கம் உள்ளவர்களுக்கு மெத்தடோன் கொடுத்துப் பார்த்தார்கள். 1965-இல் கட்டுரை வெளிவந்தது. ஹெராயின் சில மணி நேரத்தில் இறங்கிவிடும், மறுபடி தேடி ஓட வேண்டும். மெத்தடோன் ஒரு வேளை குடித்தால் ஒரு நாள் தாங்கும். ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. அதனால் அவர்கள் கவனித்த பெரிய மாற்றம், நோயாளிகள் வேறு விஷயம் பேச ஆரம்பித்தார்கள். படிப்பு, வேலை, குடும்பம் என்று. நம் ஊரில் பியூப்ரினார்ஃபின் மாத்திரை அதே வேலையைச் செய்கிறது. விழுப்புரத்துத் தம்பியின் அண்ணன் நாக்குக்கு அடியில் வைப்பது அதுவாகத்தான் இருக்கும். பஞ்சாபில் 2017 அக்டோபரிலிருந்து அரசு இதற்கென்றே வெளிநோயாளி மையங்கள் நடத்துகிறது. சர்க்கரை நோயாளி தினமும் இன்சுலின் போட்டால் அவரை யாரும் பழி சொல்வதில்லையே.

வரிப்பணம் பற்றி: சுவிஸ் கணக்குப்படி ஒரு நோயாளிக்கு ஒரு நாள் செலவு 51 பிராங். போலீஸ், நீதிமன்றம், சிறை, மருத்துவமனை என்று மிச்சமானது 96 பிராங். அந்தப் பணம் உங்களைப் போன்றவர்களுடையதுதான். அதை வைத்துத்தான் சொல்கிறேன்.

ஒரு குறையையும் மறைக்காமல் சொல்கிறேன், எங்கள் துறை செய்கிற தவறு. சிறுநீர்ச் சோதனையில் ஒரு முறை போதை தெரிந்தால் "விதியை மீறினாய், வெளியே போ" என்று பெயரை அடிக்கும் இடங்கள் உண்டு. அமெரிக்காவில் மெத்தடோன் சிகிச்சையை விட்டு வெளியேறியவர்களைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வில், ஓராண்டுக்குள் 100-க்கு 82 பேர் மறுபடி ஊசிக்குப் போயிருந்தார்கள். அப்படியானால் நாம் பெயரை அடிக்கும்போது யார் வீட்டுப் பூட்டு உடையப் போகிறது என்று யோசிக்க வேண்டாமா? நானே ஒரு பையனை அப்படி அனுப்பியிருக்கிறேன், வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம். அவன் பெயர் வந்த பேப்பரை இன்னும் வைத்திருக்கிறேன்.

கணக்கு_டீச்சர் · திங்கள் இரவு 8.30

காலையில் சொன்னதைத் தொடர்கிறேன்.

லிம்மாத்_கரை ஐயா சொன்ன 69, 10 என்ற எண்கள் சரிதான். ஆனால் அவை நீண்ட நாள் சிகிச்சையில் நிலைத்தவர்களின் கணக்கு. ஒப்பீட்டுக் குழுவும் இல்லை. 1999-இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு இதையேதான் சுட்டிக்காட்டியது. பலன் ஹெராயினால் வந்ததா, கூடவே கொடுத்த வீடு, வேலை, ஆலோசனையால் வந்ததா என்று பிரிக்க முடியவில்லை என்றார்கள்.

அந்தக் குறையை ஜெர்மனி சரிசெய்தது. ஏழு நகரங்களில் 1,015 பேர். சீட்டுக் குலுக்குவது போலப் பிரித்து ஒரு பாதிக்கு மருத்துவ ஹெராயின், இன்னொரு பாதிக்கு மெத்தடோன், இரண்டு பக்கமும் அதே அளவு கவனிப்பு. இரண்டு குழுவிலும் குற்றம் குறைந்தது, ஹெராயின் குழுவில் கூடுதலாகக் குறைந்தது. குலுக்கிப் பிரித்ததால் இரண்டு குழுவுக்கும் உள்ள வித்தியாசத்தில் என் 104 டிகிரி சந்தேகம் எடுபடாது.

எதிர்ப்பக்கம் இருப்பதையும் வைக்கிறேன். 2009-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு மெத்தடோன் பற்றிய 11 சோதனைகளைத் தொகுத்தது. சிகிச்சையில் நிலைப்பதும் ஹெராயின் குறைவதும் தெளிவாகத் தெரிந்தது. குற்றத்தை அளந்தவை மூன்றே மூன்று சோதனைகள். மெத்தடோன் பக்கம்தான் சாய்வு, ஆனால் தற்செயலாக வந்ததல்ல என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. பால்டிமோரில் விடுதலைக்கு முன் சிறையிலேயே மெத்தடோன் தொடங்கிய சோதனையிலும் ஓராண்டில் ஹெராயின் குறைந்தது, கைது எண்ணிக்கையில் உறுதியான வித்தியாசம் இல்லை. கைது என்பது குற்றத்தை அளக்க நல்ல அளவுகோல் இல்லை என்பது என் கருத்து. நூறு சைக்கிள் திருடியவன் ஒரு முறை மாட்டுவான், ஒரு சைக்கிள் திருடியவனும் ஒரு முறை மாட்டுவான்.

எல்லாம் சேர்த்துப் பார்த்தால் நான் மீட்புப்பணி சொன்னதன் பக்கம்தான் வருகிறேன். ஓபியாய்டு, சரியான மருந்து, தொடர்ந்து இருப்பது. இந்த மூன்றும் சேர்ந்தால் பணத்துக்கான திருட்டு குறையும். அடிதடி, குடித்துவிட்டு மனைவியை அடிப்பது போன்றவற்றுக்கு இந்த ஆய்வுகளை இழுக்கக் கூடாது.

லிம்மாத்_கரை · திங்கள் இரவு 9.45

டீச்சர் சொல்வது சரி. நானும் மறைக்கேல்லை, 2023 இல் இங்கே பெக்கரான்லாகே பூங்காவில் கிராக், அதாவது புகைக்கிற கொக்கெயின், அடிக்கிற கூட்டம் சேர்ந்தது. ஹெராயினுக்கு இருக்கிற மாதிரி கொக்கெயினுக்கு மாற்று மருந்து இல்லை. கிளினிக் வைத்தும் அதைச் சமாளிக்கக் கஷ்டப்படுகினம்.

நேர்வழி தம்பிக்கு ஒன்று. இங்கத்தைய சனம் லேசில் ஒத்துக்கொள்ளேல்லை. 1999 இல் வாக்கெடுப்பு வைக்கேக்க 54 வீதம்தான் ஆதரவு. 2008 இல் திரும்ப வைத்தபோது 68 வீதம். இடையில் ஒன்பது வருசம் சனம் தங்கட தெருவைப் பார்த்துக்கொண்டு இருந்தது.

நேர்வழி · திங்கள் இரவு 10.05

ஹெராயின் கொடுப்பதை இன்னும் என் மனம் ஏற்கவில்லை. ஆனால் விழுப்புரத்து அண்ணனின் மாத்திரையைப் பற்றி நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். அவருக்காக ஜெபிக்கிறேன்.

ஓய்வு_எஸ்ஐ · செவ்வாய் காலை 7.10

பெரம்பூர் தம்பி, கேஸ் விஷயம். எஃப்ஐஆர் போட்டாயிற்றா, வெறும் மனு ரசீதா என்று முதலில் பாருங்கள். எஃப்ஐஆர் என்றால் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தால் மறைந்துவிடாது. சாதாரணத் திருட்டுப் பிரிவு என்றால் பொருளின் சொந்தக்காரர் கோர்ட்டில் சமரசம் செய்ய சட்டத்தில் இடம் உண்டு. யூனிட் கஸ்டமருடையது என்கிறீர்கள், அவரையும் கேட்க வேண்டி வரும். புதிய பாரதிய நியாய சன்ஹிதாவில், 5,000 ரூபாய்க்குக் குறைவான முதல் திருட்டுக்குப் பொருளையோ மதிப்பையோ திருப்பிக் கொடுத்தால் சமூக சேவைதான் தண்டனை. உங்கள் நஷ்டம் அதைத் தாண்டுமா என்று பாருங்கள். வக்கீலிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

போதைப்பொருள் சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. தானாகச் சிகிச்சைக்கு வந்தால் உபயோகித்த குற்றத்துக்கும் சிறு அளவு வைத்திருந்ததற்கும் வழக்கிலிருந்து விலக்கு. அதைத் திருட்டுக்குக் காட்ட முடியாது. அந்த அம்மாவிடம் யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் நம்ப வேண்டாம் என்று சொல்லுங்கள்.

பெரம்பூர்க்கடை · செவ்வாய் இரவு 9.20

எல்லாருக்கும் நன்றி. அத்தனையும் இரண்டு முறை படித்தேன். விழுப்புரத்தானுடையதை என் மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன்.

இன்று மதியம் கடையைச் சாத்திவிட்டு அந்த அம்மாவோடு அவர் பார்த்து வைத்திருந்த மையத்துக்குப் போனேன். 30 நாளைக்கு இவ்வளவு என்று ஒரே தொகை சொன்னார்கள். டாக்டர் எந்தெந்த நாள் வருவார் என்று கேட்டேன், கூப்பிட்டால் வருவார் என்றார்கள். 31-ஆம் நாள் என்ன என்று கேட்டேன். "வீட்டுக்குக் கூட்டிப் போங்க சார்" என்றார்கள். இடையில் ஒரு முறை தவறினால் மறுபடி சேர்ப்பீர்களா என்றதற்கு, மறுபடி முழுப் பணம். வந்துவிட்டோம்.

கேஸ் எஃப்ஐஆர் ஆகிவிட்டது. வக்கீலை வியாழக்கிழமை பார்க்கிறேன், கஸ்டமரிடமும் பேசிவிட்டேன், அவர் யோசித்துச் சொல்கிறேன் என்றார். காப்பர் காசை அவன் கொடுத்தே ஆக வேண்டும், அதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை, மாதம் 500 ஆனாலும் பரவாயில்லை.

நாளை காலை அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போகிறோம். 8 மணிக்கு ஓபி சீட்டு. அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வருவாயா என்றதற்குத் தலையாட்டினான். அவனுக்கு விடியற்காலையில்தான் உடம்பு முறுக்கும் என்று மீட்புப்பணி சொன்னதை நினைத்து, ஆறு மணிக்கே அவன் வீட்டு வாசலில் இருக்கலாம் என்று பார்க்கிறேன். மீட்புப்பணி மேடம், அங்கே போவதற்கு முன் அவன் காலையில் மாத்திரை போட்டிருந்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டுமா?

மீட்புப்பணி · செவ்வாய் இரவு 9.35

கட்டாயம் சொல்ல வேண்டும் அண்ணா. கடைசியாக எத்தனை மணிக்கு, எத்தனை மாத்திரை, ஊசியாகவா வாயிலா என்று எழுதி எடுத்துப் போங்கள். உடம்பில் அது இருக்கும்போதே பியூப்ரினார்ஃபின் கொடுத்தால் வலி ஒரேயடியாக ஏறிவிடும், அதனால் டாக்டர் சில மணி நேரம் காக்க வைப்பார். அந்த நேரத்தில்தான் பலர் எழுந்து ஓடிவிடுகிறார்கள். ஒரு போர்வை, தண்ணீர் பாட்டில், மாற்று உடை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள்.